புரோக்னோசிஸ்: நோய்ப்போக்குக் கணிப்பு

என்ன நோய் என்று கண்டுபிடிப்பது டயக்னோசிஸ். அந்த நோய் இனி எப்படிப் போகும் என்று கணிப்பது புரோக்னோசிஸ். கிரேக்கத்தில் ‘ப்ரோ’ என்றால் முன், ‘க்னோசிஸ்’ என்றால் அறிதல். ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று முழுக்க இதைப் பற்றியதுதான். கூர்ந்த மூக்கு, குழிவிழுந்த கண், ஒட்டிப்போன நெற்றிப்பொட்டு என்று நோயாளியின் முகத்தைப் பார்த்தே முடிவு சொல்லும். நம் சித்த மருத்துவர்கள் சாத்தியம், அசாத்தியம் என்று பிரித்ததும் இதே வேலைதான்.

மூளைக்குப் பரவிய புற்றுநோயில் இந்தச் சொல் அதிகம் அடிபடும். பெரும்பாலும் நுரையீரல், மார்பகம், மெலனோமா என்ற தோல் புற்று ஆகியவற்றிலிருந்து பரவுவது அது. (செய்திகளில் இதை ‘மூளைப் புற்றுநோய்’ என்று எழுதிவிடுகிறார்கள். நுரையீரலிலிருந்து மூளைக்குப் போனாலும் அது நுரையீரல் புற்றுநோய்தான்.)

1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கதிர்வீச்சு பெற்ற இத்தகைய நோயாளிகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். முதலில் பார்த்தது கார்னாஃப்ஸ்கி மதிப்பெண், அதாவது நோயாளி தன் அன்றாட வேலைகளை எவ்வளவு செய்துகொள்கிறார் என்பதற்கான அளவு. நூற்றுக்கு 70 என்றால், குளிப்பது, உடுத்துவது எல்லாம் தானே செய்துகொள்வார், ஆனால் வேலைக்குப் போக முடியாது. அதற்கும் கீழே இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 2.3 மாதம். 70க்குக் குறையாமல், வயது 65க்கு உட்பட்டு, நோய் தொடங்கிய இடத்துக் கட்டி கட்டுக்குள் இருந்து, மூளை தவிர வேறெங்கும் பரவாதவர்களுக்கு 7.1 மாதம். அப்புறம் மரபணுப் பரிசோதனையும், அதற்கேற்ற மாத்திரைகளும் வந்தன. நுரையீரலிலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுக்கு 2017இல் வெளியான வேறொரு மதிப்பெண் கணக்கில், மிக நல்ல மதிப்பெண் பெற்ற பிரிவுக்கு இடைநிலை ஏறக்குறைய நான்கு ஆண்டு!

இடைநிலை என்றால், பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருந்தார்கள் என்று பொருள். வீட்டில் இது ‘டாக்டர் ஏழு மாசம் கெடு கொடுத்துட்டார்’ என்று மாறிவிடுகிறது. கூட்டத்தைப் பற்றிய கணக்கு அது. ஒருவருக்குக் குறித்த நாள் இல்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘முன்கணிப்பு’ வழக்கில் இருக்கிறது. ஆனால் மழைக்கும் தேர்தலுக்கும் அதையே சொல்கிறோம். ‘ஆயுள் கணிப்பு’ வேண்டவே வேண்டாம். அதில் ஜோதிட வாசனை அடிப்பதோடு, பேச்சு திரும்புமா, வலிப்பு நிற்குமா, எழுந்து நடப்பாரா என்பதெல்லாம் விட்டுப்போகிறது. புரோக்னோசிஸில் இவையும் அடங்கும். அதனால் மருத்துவத்துக்கு ‘நோய்ப்போக்குக் கணிப்பு’ என்பதே என் தேர்வு. வாயில் நுழையச் சற்று நீளம்தான். டாக்டரிடம் கேட்கும்போது ‘நோயோட போக்கு இனிமே எப்படி இருக்கும்?’ என்றாலே போதும்.