மோட்டார் காற்றை இழுப்பதற்கு முன்: வீட்டு நீர்ச் சிக்கனமும் கிணற்றின் நீர்மட்டமும்

நிலத்தடி நீர் ஆய்வில் இருக்கும் எங்களை வீட்டு உரிமையாளர்கள் அழைப்பது பெரும்பாலும் மோட்டார் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கத் தொடங்கிய பிறகுதான். திடீரென்று போர்வெல் வற்றிவிட்டது என்பார்கள். உண்மையில் நீர்மட்டம் திடீரென இறங்குவது அரிது. மோட்டார் தொங்கும் ஆழத்துக்கு மேலே தண்ணீர் நிற்கும் வரையில் மேல்நிலைத் தொட்டி வழக்கம்போல் நிரம்பிக்கொண்டே இருக்கும் என்பதால், பல மாதங்களாக நடந்துவந்த இறக்கம் வீட்டில் எவர் கண்ணிலும் படுவதில்லை. தொட்டியைப் பார்த்தே தண்ணீர் இருப்பை மதிப்பிடும் பழக்கம்தான் சிக்கனத்தைக் கோடை முற்றும் வரை தள்ளிப்போட வைக்கிறது.

ஒரு வீடு மிச்சப்படுத்தும் சில குடம் தண்ணீரால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவது வழக்கம். கடினப் பாறைப் பகுதிகளில் தண்ணீர் பாறை வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே தங்குகிறது. அந்த அடுக்கின் மொத்தக் கன அளவில் நமக்கு வடிந்து கிடைப்பது ஏறத்தாழ 1 முதல் 3 சதவீதம்தான். 10 ஹெக்டேர் பரப்பில் உள்ள 200 வீடுகள் நாளொன்றுக்கு வீட்டுக்கு 500 லிட்டர் இறைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,00,000 லிட்டர்; அந்த நிலப்பரப்பின் மேல் நிறுத்தினால் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் வராது. ஆனால் 2 சதவீதமே நீர் தரும் பாறைக்குள் அதே 1 மில்லிமீட்டர் 50 மில்லிமீட்டர் இறக்கமாகிறது. வீட்டுக்கு 100 லிட்டர் குறைத்தால் நாளொன்றுக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம் தவிர்க்கப்படும். மழையில்லாத 4 மாதங்களில் அது 1.2 மீட்டருக்கு அருகில் வரும். பக்கவாட்டில் வந்து சேரும் ஊற்றையும் மண்ணுக்குள் திரும்பும் நீரையும் இதில் சேர்க்கவில்லை என்பதால் இது முன்கணிப்பு ஆகாது. எனினும் சிறிய அளவுகள் பாறைக்குள் எவ்வளவு பெருகித் தெரிகின்றன என்பதை இது காட்டும்.

அந்த 100 லிட்டரை எங்கே தேடுவது? சொட்டும் குழாயைத்தான் எல்லோரும் முதலில் காட்டுவார்கள். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் போகும். வாஷரை மாற்றினால் தீர்ந்தது. சத்தமில்லாமல் அதைவிடப் பெரிய இழப்பை உண்டாக்குவது கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்க். போர்வெல்லின் உப்புநீர் படியப் படிய, அடியிலுள்ள ரப்பர் மூடியின் விளிம்பில் வெண்மையான படலம் கட்டி, மூடி சரியாக அமராமல் போகிறது. அந்த இடைவெளி வழியே நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் கசிந்தால்கூட நாளொன்றுக்கு 288 லிட்டர், அதாவது மேற்சொன்ன கணக்கில் ஒரு வீட்டின் பாதிக்கும் மேற்பட்ட உபயோகம், கழிவுநீர்க் குழாயில் இறங்கிவிடும். டேங்கில் சிறிது உணவு நிறமியைக் கரைத்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டுப் பாருங்கள். பீங்கானில் நிறம் தெரிந்தால் மூடி கசிகிறது என்று பொருள். வீடு முழுவதற்குமான சோதனை இன்னும் எளிது: இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிய பின் மேல்நிலைத் தொட்டியில் நீர் நிற்கும் உயரத்தைக் குறித்துவைத்து, காலையில் எவரும் குழாயைத் திறப்பதற்கு முன் மீண்டும் பார்த்தால் போதும்.

சேமித்ததாக நாம் நினைக்கும் நீர் எல்லாமே நிலத்துக்கு மிச்சமாவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உறிஞ்சுகுழி உள்ள வீட்டில் குளியலறை நீரின் ஒரு பகுதி மண்ணுக்கே திரும்புகிறது. பாதாளச் சாக்கடை வழியே ஊருக்கு வெளியே போகும் நீரும், நண்பகலில் தோட்டத்தில் ஊற்றி ஆவியாகும் நீரும் உங்கள் கிணற்றுக்குத் திரும்புவதே இல்லை. எனவே சாக்கடை இணைப்புள்ள வீடுகளில் கழிப்பறை, குளியல், துணி துவைத்தல் ஆகியவற்றில் செய்யும் சிக்கனத்துக்கு மதிப்பு அதிகம். அதற்காக உறிஞ்சுகுழி வீட்டார் தாராளமாகச் செலவழிக்கலாம் என்று ஆகாது. கழிவோடு திரும்பும் நீர் நைட்ரேட்டையும் சுமந்துகொண்டு திரும்புகிறது. குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். குழிகள் நெருங்கிய குடியிருப்புகளின் ஆழமற்ற கிணறுகளில் அந்த அளவைத் தாண்டுவது புதிதல்ல.

நீர்மட்டம் இறங்கியதும் இன்னும் ஆழமாகப் போர் போட்டுவிடலாம் என்று முடிவெடுப்பவர்களே அதிகம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கடினப் பாறையில் ஆழம் கூடக் கூட வெடிப்புகள் பொதுவாகக் குறைந்து இறுகிவிடுகின்றன. அங்கே கிடைக்கும் நீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடியிருப்பதால் உப்பும், சில பாறை வகைகளில் ஃப்ளோரைடும் கூடுதலாக இருக்கக்கூடும். கடலோரத்தில் நிலைமை இன்னும் கடுமையானது: கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், அதற்குக் கீழே கோட்பாட்டளவில் சுமார் 40 மீட்டர் நன்னீர் மிதக்கிறது. மேலே அரை மீட்டர் குறைந்து அந்நிலை நீடித்தால், கீழே உப்புநீர் காலப்போக்கில் 20 மீட்டர் மேலேறி வர இடமாகிவிடும்.

மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து தேதியுடன் குறித்துவைப்பதை வீட்டுக்கு வீடு வலியுறுத்துகிறேன். இரவு முழுவதும் மோட்டார் ஓடாத ஒரு விடியற்காலையில், எஃகு அளவு நாடாவின் கடைசி ஒரு மீட்டரில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றில் இறக்கினால், நனைந்த இடத்தில் சுண்ணத்தின் நிறம் மாறித் தெரியும். இறக்கிய நீளத்திலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டம் கிடைத்துவிடும். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரின் கேபிளில் நாடா சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே பழுதுக்காக மோட்டாரை வெளியே எடுக்கும் அடுத்த தருணத்தில், விரல் நுழையும் அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயையும் ஏற்றுக் குழாயோடு சேர்த்துக் கட்டி இறக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். அதன் அடிமுனை திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே நீர் ஏறாது.