யூரியா தெளித்த வைக்கோலைத் தின்றால் எருமை சாகாதா?

வயலுக்குப் போடும் யூரியாவை வைக்கோலில் தெளித்து எருமைக்குக் கொடுக்கிறார்களே, அது நஞ்சில்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நஞ்சுதான். கரைசல் வாளியில் மாடு வாய் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஆபத்து வரலாம். ஆனால் பதப்படுத்திய வைக்கோல் வேறு சங்கதி.

நுவரெலியா, ஹற்றன் குளிரில் பால்மாடு என்றால் பசுதான். கம்பளை, குண்டசாலை என்று கீழே இறங்கினால் பாலுக்குப் பேர்போன முரா இனத்தின் கலப்பு எருமைகள் ஒன்றிரண்டைக் காணலாம். 400 கிலோ எருமைக்கு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், நாளுக்குப் 10 முதல் 12 கிலோ தீனி வேண்டும். கினிப்புல், சீ.ஓ.-3 என்ற தீவனப்புல், கறக்கும் நேரத்தில் கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும். புல் காய்ந்தால் வைக்கோல். அதில் புரதம் 4 சதவீதம் அளவில்தான். நார்ச்சத்தையும் இலிக்னின் என்ற கடினமான, சமிக்காத பொருள் கட்டிப்போட்டு வைத்திருக்கும்.

50 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 2 கிலோ யூரியா, 50 லீற்றர் தண்ணீர். யூரியா முழுதாகக் கரைய வேண்டும். பொலித்தீன் மேல் ஒரு அடுக்கு வைக்கோல், அதன்மேல் பூவாளியால் கரைசல், நன்றாக மிதி, அடுத்த அடுக்கு. கடைசியில் காற்றுப் புகாமல் மூடிக் கட்டிவிடுங்கள். வெக்கையான இடத்தில் பத்து நாள் போதும். குளிர் கூடிய இடத்தில் மூன்று வாரம் விடுங்கள்.

மூட்டைக்குள் பற்றீரியாக்களின் யூரியேசு நொதியம் யூரியாவை அமோனியாவாக உடைக்கிறது. அமோனியா ஒரு காரம். இலிக்னினுக்கும் நாருக்கும் இடையிலுள்ள எசுத்தர் என்ற இரசாயனப் பிணைப்புகளை அது அறுக்க, நார் உப்பி இளகுகிறது. வைக்கோல் மஞ்சள்கபிலமாக மாறும்.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்குப் பிறகுதான். வைக்கோலில் தங்கிய அமோனியா எருமையின் முதல் இரைப்பைக்குள் போகிறது. அங்கே ஒரு மில்லிலீற்றரில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள். நம் உடலால் அமோனியாவிலிருந்து புரதம் கட்டியெழுப்ப முடியாது. எருமையின் உடலாலும் முடியாது. பற்றீரியாவால் முடியும். நாரை நொதிக்கச் செய்து கிடைக்கும் சக்தியைக் கொண்டு, அமோனியாவின் நைதரசனைத் தன் உடற்புரதமாக்கிக்கொண்டு பெருகும். பிறகு அதுவே நான்காம் இரைப்பைக்கு அடித்துச் செல்லப்பட்டுச் சமிபாடடையும். அதாவது எருமை தன் வயிற்றுக்குள் வளர்த்த நுண்ணங்கியைத்தான் தின்கிறது! பற்றீரியாவுக்கு மிஞ்சிய அமோனியா இரத்தத்தில் ஏறினால் ஈரல் அதை மறுபடி யூரியாவாக்கும். அதில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாகத் திரும்ப இரைப்பைக்கே வரும். அசைபோட அசைபோட நைதரசன் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஈரலின் கொள்ளளவைத் தாண்டி அமோனியா வந்தால்தான் நஞ்சு. ஆகவே மூட்டையைத் திறந்ததும் போடாதீர்கள். ஓர் இரவு ஆறவிட்டால் மூக்கைத் துளைக்கும் வாடை போய்விடும். கொஞ்சமாகத் தொடங்கி இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். பற்றீரியாக் கூட்டம் மாறிக்கொள்ள அவ்வளவு காலம் பிடிக்கும். திடீரென்று தீனியை மாற்றிப் பால் குறைந்தால் கண்ணூறு என்று எலுமிச்சங்காய் கட்டுகிறார்கள். தொட்டியைப் பாருங்கள் ஐயா! தளர்வாகக் கட்டி, பங்கசு பிடித்த வைக்கோல் குப்பைக்கு. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குத் தரவே கூடாது, அதன் இரைப்பை இன்னும் தயாராகியிருக்காது.

நடுக்கம், வாயில் நுரை, வயிறு ஊதல் கண்டால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அவர் வருமுன், மாடு நின்று விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும், 3 லீற்றர் வினாகிரியைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து மெதுவாகப் புகட்டலாம். அமிலம் அமோனியாவை மின்னேற்றமுள்ள அமோனியம் அயனாக்கும்; அயன் இரைப்பைச் சுவரைக் கடப்பது கடினம்.

1980களில் இலங்கையில் வைக்கோலுக்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. முறை நல்லதுதான், ஆனால் பொலித்தீன் செலவையும் வைக்கோல் சுமக்கும் கூலியையும் சிறு விவசாயியின் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மாடு இறக்குமதி செய்யும் பணத்தில் ஒரு துண்டைத் தீனி ஆய்வுக்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

2021இல் உர இறக்குமதித் தடையோடு யூரியா அரிதானபோது புரதத்துக்கு வேலியில் நின்ற கிளிசரிடியா மரம் இருக்கத்தான் செய்தது. அதன் இலையில், உலர்நிலையில், புரதம் 20 சதவீதத்துக்கு மேல். பச்சையாக வெட்டிப் போட்டால் வாடைக்கு எருமை முகம் திருப்பும். காலையில் வெட்டி நிழலில் வாடவிட்டு, மாலையில் 5 முதல் 8 கிலோ வரை வைக்கோலோடு கலந்து கொடுங்கள்.