கம்பாஷனேட் யூஸ்: பரிவுவழி மருந்து

அரிய மரபணு நோயுள்ள குழந்தையை வைத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக அலையும் பெற்றோர் என்றாவது கேட்க நேரும் சொல் 'கம்பாஷனேட் யூஸ்'. இன்னும் அரசு ஒப்புதல் பெறாத, ஆய்வுநிலையில் இருக்கும் மருந்தை, வேறு சிகிச்சை எதுவும் கைகொடுக்காத நோயாளிக்கு, மருந்தாய்வுக்கு வெளியே கொடுக்கும் ஏற்பாடு இது. அமெரிக்கச் சட்டத்தில் இதன் பெயர் 'எக்ஸ்பாண்டட் ஆக்சஸ்'. மருந்து நிறுவனங்கள் 'மேனேஜ்டு ஆக்சஸ்', 'ஏர்லி ஆக்சஸ்' என்றும் சொல்கின்றன.

'மருந்தாய்வுக்கு வெளியே' என்பதுதான் இதில் முக்கியம். ஆய்வின் நோக்கம் மருந்தைப் பற்றி அறிவது. அதற்கு வயது வரம்பு உண்டு, நோயின் கட்டம் இன்னதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வென்டிலேட்டருக்குப் போய்விட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் அதில் இடம் கிடைக்காது. பரிவுவழியில் கொடுக்கும்போது நோக்கம் அந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றுவது மட்டுமே.

விதிவிலக்கு வேண்டுமென்றால் முதலில் விதி வேண்டும். கருவிலிருந்த குழந்தைகளைத் தாலிடோமைடு என்ற, கர்ப்பிணிகள் உட்கொண்ட மருந்து ஊனமாக்கிய கொடுமைக்குப் பிறகு, 1962-இல் அமெரிக்கா மருந்துச் சட்டத்தை இறுக்கியது. பாதுகாப்போடு பலனையும் நிரூபித்தால்தான் விற்பனைக்கு ஒப்புதல். குழந்தைகளுக்காக வந்த விதி அது. அதனாலேயே ஒப்புதலுக்கான காத்திருப்பும் நீண்டது. எய்ட்ஸ் நோயாளிகள் தெருவில் இறங்கிப் போராடிய காலத்தில், 1987-இல், ஆய்வுநிலை மருந்தைச் சிகிச்சைக்குக் கொடுப்பதற்கான முறையான விதிகள் வந்தன.

குழந்தைகளின் மரபணு நோய்களில் காத்திருப்பின் விலை மிக அதிகம். எஸ்எம்ஏ எனப்படும் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. அழிந்தவை திரும்ப வருவதில்லை. அதன் முதல் வகை தாக்கிய குழந்தைகளில் பெரும்பாலோர், சிகிச்சை இல்லாவிட்டால், இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. நுசினெர்சன் என்ற மருந்துக்கு அமெரிக்க ஒப்புதல் வந்தது 2016 டிசம்பரில். அதற்குச் சில மாதங்கள் முன்பே கைக்குழந்தைகள் சிலர் இந்த வழியில் அதைப் பெற்றார்கள். அந்தச் சில மாதங்களில் ஒரு குழந்தை விழுங்கும் திறனையே இழந்துவிடக்கூடும்.

2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது இன்னும் வியப்பானது. கல்லீரலால் அம்மோனியாவை யூரியாவாக மாற்ற முடியாத சிபிஎஸ்1 குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்காக, அதன் மரபணுப் பிழையை மட்டும், கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த உத்தியால், சரிசெய்யும் மருந்தை ஏறத்தாழ ஆறு மாதத்தில் உருவாக்கினார்கள். அதற்கு அனுமதி கிடைத்ததும் ஒற்றை நோயாளிக்கான இதே விதியின் கீழ்தான். விண்ணப்பித்த ஒரு வாரத்துக்குள் அமெரிக்க மருந்து ஒப்புதல் அமைப்பான எஃப்டிஏ தலையசைத்தது.

பொதுவாக எஃப்டிஏ இத்தகைய விண்ணப்பங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் அனுமதித்துவிடுகிறது. உண்மையான வாசல் மருந்து நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 'கொடு' என்று அதை அரசு கட்டாயப்படுத்த முடியாது. தயாரித்த அளவு குறைவு, ஆய்வுக்கே போதாது என்று நிறுவனம் மறுக்கலாம். அப்போது ஒரு தவணைக்கு 21 லட்சம் டாலர் விலையிருந்த, நம் செய்தித்தாள்கள் '16 கோடி ரூபாய் ஊசி' என்றெழுதிய எஸ்எம்ஏ மருந்தான சோல்ஜென்ஸ்மாவை, அது ஒப்புதல் பெறாத நாடுகளின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2020-இல் 100 தவணைகள் வரை இலவசமாகத் தர அதன் நிறுவனமான நோவார்டிஸ் முன்வந்தது. யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். பெற்றோர் அமைப்புகள் கொதித்தன. எனக்கும் அது ஏற்புடையதாக இல்லை. பரிவு என்ற பெயரில் நடப்பது குலுக்கலாக இருக்கக்கூடாது.

இனி சொல்லுக்கு வருவோம். 'கம்பாஷன்' இலத்தீனில் 'உடன் துன்புறுதல்' என்ற பொருளில் பிறந்தது. நோயாளியைக் குறிக்கும் 'பேஷன்ட்' என்ற சொல்லுக்கும் அதே துன்புறும் வேர்தான். தமிழில் இதைக் 'கருணைப் பயன்பாடு' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. அதை நான் எதிர்க்கிறேன். கருணைக்கொலை, கருணை மனு, கருணை அடிப்படையில் வேலை என்றே பழகிய காதுக்கு அது மேலிருந்து போடும் பிச்சையாகவோ சாவின் வாசலாகவோ ஒலிக்கும். குழந்தைகள் வார்டில் அந்த ஒலி வேண்டாம்.

'பரிவு' பொருத்தமானது. பரிதல் என்றால் இரங்குதல், வருந்துதலும்கூட. 'இருந்துள்ளி என்பரிதல் நெஞ்சே பரிந்துள்ளல் பைதல்நோய் செய்தார்கண் இல்' என்ற குறளில் (1243) முதல் பரிதல் வருந்துவது, அடுத்த பரிதல் இரங்குவது. இலத்தீன் வேரில் உள்ள இரண்டும் இந்த ஒரே வினையில் இருக்கின்றன. ஆகவே 'பரிவுவழி மருந்து' என்கிறேன். 'ஏர்லி ஆக்சஸ்' என்பதற்கு 'முன்வழங்கல்' போதும். 'முன்கூட்டிய அணுகல்' என்றால் யார் எதை அணுகுகிறார் என்றே விளங்காது.

'எக்ஸ்பெரிமென்டல்' என்பதைச் 'சோதனை சிகிச்சை' என்று எழுதுவதும் வேண்டாம். இரத்தப் பரிசோதனையோடு குழம்பும். தம் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்ற அச்சத்தையும் கிளப்பும். 'ஆய்வுநிலை மருந்து' என்பது உள்ளதை உள்ளபடி சொல்கிறது.

இந்தியாவிலும் இதற்கு வழி உண்டு. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்தாய்வு விதிகளில் 2020-இல் செய்த திருத்தம், மூன்றாம் கட்ட ஆய்வில் (ஒப்புதலுக்கு முந்தைய கடைசிக் கட்டம்) இருக்கும் மருந்தை உயிருக்கு ஆபத்தான நோயுள்ளவருக்காகத் தருவிக்க இடமளிக்கிறது. பெற்றோர் நேரே விண்ணப்பிக்க முடியாது, மருத்துவமனைதான் விண்ணப்பிக்க வேண்டும். எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: இந்த நோய்க்கு எந்த மருந்து மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது, அந்த நிறுவனத்துக்கு நீங்கள் எழுதுவீர்களா?