ஜீனோடைப்: கோழிக் கிருமிக்கும் ஒரு விலாசம்

கோட்டையூர்ப் பக்கம் பிராய்லர் ஷெட் போட்டிருக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். குஞ்சு இறக்கிய நாலாம் நாளே கழிச்சல். வாலடியில் சுண்ணாம்பு அப்பினாற்போல் எச்சம் காய்ந்து ஒட்டிக்கிடக்கிறதாம். “வெள்ளைக்கழிச்சலான்னு கேட்டா, ஜீனோடைப் பாத்தாத்தான் சொல்ல முடியும்னு டாக்டர் போயிட்டார். அதுக்குத் தமிழ்ல என்னப்பா?”

மரபணு வகை என்றேன். “சரி, அப்படின்னா?” என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளைக்கழிச்சல் என்றால் நம் பக்கத்தில் ராணிகெட் நோய். அது வைரஸால் வருவது. சால்மோனெல்லா இனத்துப் பாக்டீரியா ஒன்றும் குஞ்சுகளை வெள்ளையாகக் கழியவைக்கும். அதற்குப் பெயர் புல்லோரம். எச்சத்தின் நிறத்தை வைத்துப் பெயர் சொன்னால் இப்படித்தான் குழம்பும்.

ஜீனோடைப் என்ற சொல்லை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன். ஜீன் என்ற சொல்லும் அவர் தந்ததே. வெளியே தெரியும் உருவம் வேறு, உள்ளே வழிவழியாக வரும் சரக்கு வேறு என்று பிரித்துச் சொல்ல அவருக்கு இரண்டு பெயர்கள் தேவைப்பட்டன: வெளியே உள்ளது பீனோடைப், உள்ளே உள்ளது ஜீனோடைப். கிரேக்கத்தில் கெனோஸ் என்றால் பிறப்பு, குலம். டுப்போஸ் என்றால் அடித்துப் பதித்த தடம், அதாவது அச்சு. ஆத்தங்குடிக் கல்லுக்குப் பூ வார்க்க ஓர் அச்சு வைத்திருக்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் மரபு பழஞ்சொல். தொல்காப்பியத்தின் மரபியலே எந்த உயிரின் குட்டிக்கு என்ன பெயர் என்று வகுத்துத்தான் தொடங்குகிறது. வகையும் நல்ல தமிழ். ஆனால் ஊரில் ‘அவங்க வகையறா’ என்கிறோமே, அந்த வகையறா அரபியில் ‘முதலியன’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது; வகையோடு அதற்கு உறவில்லை. ஜீனோடைப்பை ஜீனாக்கம் என்றும் எழுதுகிறார்கள். எதையோ புதிதாக உண்டாக்குவதுபோல் ஒலிப்பதால் எனக்கு அது ஒட்டவில்லை.

ஜீனைப் பார்க்கும் முன்பு கிருமியை, ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரான ஊநீரில் கலந்து, கட்டியாகத் திரள்கிறதா என்று பார்த்து வகை சொன்னார்கள். அது சீரோடைப், ஊநீர் வகை. சால்மோனெல்லாவில் மட்டும் இப்படி 2,500க்கு மேல் உண்டு. ஆனால் புல்லோரமும், சால்மோனெல்லாவில் இன்னொன்றான காலினாரமும் இந்தச் சோதனையில் ஒன்றுபோலவே நிற்கும். லத்தீனில் முதலாவதற்குக் ‘குஞ்சுகளின்’ என்று பொருள், அடுத்ததற்குக் ‘கோழிகளின்’ என்று பொருள். ஒன்று குஞ்சைக் கழியவைத்துக் கொல்லும், மற்றது பெரிய கோழிக்கு டைபாய்டு தரும். வேலை வேறு, மேல்சட்டை ஒன்று! ஜீனுக்குள் போனால் பிரித்துவிடலாம்.

எப்படி என்று அண்ணனுக்குச் சொல்ல விலாசம்தான் கைகொடுத்தது. நகரத்தார் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே ஊரில் பத்து அண்ணாமலை இருப்பார்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு மூன்று எழுத்தான விலாசத்தைச் சொன்னால்தான் எந்த வீடு என்று பிடிபடும். கிருமிக்கும் அப்படியே. பொதுவாக ஏழு ஜீன்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று எண் கொடுப்பார்கள். 1998இல் வந்த முறை இது. அந்த ஏழு எண்ணும் சேர்ந்தது அதன் விலாசம். அதற்கும் சுருக்கமாக ஓர் எண் தருவார்கள். பல நாட்டுப் பண்ணைகளில் கோழிகளை நோயில் தள்ளும் ஈகோலை என்ற பாக்டீரியாவில் அடிக்கடி அகப்படுவது எஸ்டி 117; எஸ்டி என்பது அந்தச் சுருக்க எண்ணுக்கு முன்னால் போடும் குறி. ஏழும் ஒத்துப்போனால் ஒரே கால்வழி எனலாம். அதே கிருமிதானா என்று பார்க்க முழு மரபணுத்தொகுதியையும் படிக்க வேண்டும்.

ஆகவே ஜீனோடைப்புக்கு மரபணு வகை. அதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு மரபணு வகையறிதல். வகைப்பாடு என்பது வகைகளை அடுக்கி வைத்த பட்டியல், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

“அப்ப இது குஞ்சோட வந்ததா, என் ஷெட்லயே கிடந்ததான்னு தெரிஞ்சிருமா?” என்றார் அண்ணன். புல்லோரம் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும். போன பேட்ச்சில் செத்ததிலிருந்து எடுத்த கிருமி ஆய்வகத்தில் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றேன்.

“அதை அன்னைக்கே குழி தோண்டிப் புதைச்சாச்சே” என்றார்.