அந்தப் பதிப்பு எப்போது வெளியானது?

"நேற்று வரை ஓடியது, நாங்கள் எதையும் தொடவில்லை." பில்ட் (நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டும் வேலை) உடைந்ததும் எங்கள் குழுவுக்கு வரும் முதல் வாக்குமூலம் இதுதான். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அவர்கள் நம்பியிருக்கும் ஏதோ ஒரு பேக்கேஜ் (மற்றவர்கள் எழுதி வெளியிட்ட ஆயத்த நிரல் தொகுப்பு) இரவோடு இரவாகப் புதிய பதிப்புக்குத் தாவியிருக்கும். அதனால் நிரலைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே நான் கேட்டுவிடுவேன்: எந்தப் பேக்கேஜ் மாறியது, அது எப்போது வெளியானது?

ஜாவாஸ்கிரிப்டில் இதற்குத் தனிக் கருவி தேடி அலைய வேண்டாம், அதன் பேக்கேஜ் மேலாளரான என்பிஎம்மே சொல்லிவிடும். டெர்மினலில் 'என்பிஎம் வியூ' என்று தட்டி, பேக்கேஜின் பெயரைச் சேர்த்து, 'டைம்' என்று முடித்தால் போதும். முதல் பதிப்பிலிருந்து இன்றைய பதிப்பு வரை ஒவ்வொன்றும் வெளியான நாளும் நேரமும் வந்து விழும். நேரத்தின் கடைசியில் 'இசட்' என்ற எழுத்து நிற்கும். அது உலகப் பொது நேரம் என்பதற்கான அடையாளம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல், "அதிகாலை 4 மணிக்கே வந்த பதிப்பு என்றால் 6 மணி பில்ட் எப்படித் தப்பியது?" என்று கேட்டு, குற்றவாளியை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடுகிறவர்கள் உண்டு. அது உண்மையில் காலை ஒன்பதரைக்கு வந்த பதிப்பு.

ஒரு பதிப்பை ரெஜிஸ்ட்ரியிலிருந்து, அதாவது பேக்கேஜ்கள் வெளியாகும் பொதுக் கிடங்கிலிருந்து, நீக்கிவிட்டாலும் இந்தக் கால வரிசையில் அதன் தடம் தங்கிவிடும். நீக்கிய எண்ணை மறுபடி பயன்படுத்தவும் என்பிஎம் விடுவதில்லை. ஆகவே பதிப்புப் பட்டியலில் இல்லாத எண் ஒன்று கால வரிசையில் தென்பட்டால், அதை ஏன் எடுத்தார்கள் என்று விசாரியுங்கள்.

ஆனால் ஒரே ஒரு பேக்கேஜின் வரலாற்றைப் பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. 2018இல் நடந்த இவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜின் விவகாரம் இதற்கு நல்ல பாடம். அதன் பராமரிப்பைப் புதிதாக ஏற்ற ஒருவர் செப்டம்பரில் 3.3.6ஐ வெளியிட்டார். அந்தப் பதிப்பில் ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற புதிய சார்பு (அது நம்பியிருக்கும் வேறொரு பேக்கேஜ்) சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். நஞ்சு வந்தது அக்டோபரில், அந்தச் சார்பின் 0.1.1 பதிப்பில். கோபே என்ற பிட்காயின் பணப்பைச் செயலியைக் குறிவைத்த நிரல் அது. நவம்பரில்தான் குட்டு வெளிப்பட்டது. தாய்ப் பேக்கேஜை மட்டும் கவனித்தவருக்கு அக்டோபரில் எதுவுமே நடக்கவில்லை! எந்தெந்தப் பதிப்பு நிறுவப்பட்டது என்று பதிந்துவைக்கும் லாக் கோப்பின் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிட்டு, மாறிய ஒவ்வொரு பெயருக்கும் தேதி எடுங்கள். புதிதாக முளைத்த பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.

"கிட் வரலாறு இருக்கிறதே, அது போதாதா?" என்பார்கள். போதாது. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவிதான் கிட்; அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். கமிட்டில் இருக்கும் தேதி எழுதியவரின் கணினி சொல்லும் தேதி; விரும்பியபடி மாற்றலாம். ரெஜிஸ்ட்ரியின் தேதியைப் பதிவது அதன் சேவையகம். அதைவிடப் பெரிய சிக்கல், கிட்டில் இருப்பதும் பேக்கேஜாக வெளியாவதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2024 பிப்ரவரியில் வந்த, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0 பதிப்பில் நடந்தது அதுதான். பின்கதவை (கள்ளத்தனமாக நுழையும் வழியை) திறந்துவிடும் பில்ட் கோப்பு வெளியீட்டுப் பொதியில் இருந்தது, கிட்டில் இல்லை. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதிப்பதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ரோய்ண்ட் அதைத் துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று அம்பலப்படுத்தினார். லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான டெபியன் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பியது. பேக்கேஜ் மேலாளர்கள் தாமாகப் பின்னோக்கிப் போகமாட்டார்கள் என்பதால் அதற்கு '5.6.1+ரியலி5.4.5-1' என்று எண் வைத்தார்கள். முன்பாதி வேஷம், பின்பாதி நிஜம். எண்ணை மட்டும் நம்புகிறவர்களுக்கு இதைக் காட்டுவது என் வழக்கம். டெபியன்காரர்கள் பழைய பதிப்புகளை எடுக்க 'டெப்ஸ்நாப்' என்ற கருவியை வைத்திருக்கிறார்கள். ஸ்னாப்ஷாட் காப்பகத்திலிருந்து கேட்ட பதிப்பை இறக்கித் தரும்.

புதிய பதிப்பைச் சில நாள் ஆறப்போட்டு எடுப்பது இப்போது பரவிவரும் பழக்கம். என்பிஎம்மில் 'பிஃபோர்' என்ற விருப்பம் குறிப்பிட்ட தேதிக்குப் பின் வந்தவற்றை ஒதுக்கிவிடும். 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் முதலிய பேக்கேஜ்களில் புகுந்த நஞ்சு சில மணி நேரத்தில் அகற்றப்பட்டது. ஒரு நாள் பொறுத்தவர்கள் தப்பினார்கள். இவென்ட்-ஸ்ட்ரீமும் எக்ஸ்இசட்டும் வாரக்கணக்கில் பதுங்கியிருந்தவை, அங்கே இந்தப் பொறுமை உதவியிருக்காது. பாதுகாப்புத் திருத்தங்களும் அதே வரிசையில் காத்துக் கிடக்கும். அவற்றுக்கு விலக்கு வைத்தே ஆக வேண்டும்.

பைத்தானில் பேக்கேஜ் நிறுவும் கருவி பிப். அதன் 'பிப் இண்டெக்ஸ் வெர்ஷன்ஸ்' கட்டளை எண்களை மட்டும் காட்டும், தேதி தராது. தேதி வேண்டுமென்றால் பைத்தான் பேக்கேஜ்களின் கிடங்கான பைபிஐ தளத்தில் அந்தப் பேக்கேஜின் வெளியீட்டு வரலாற்றைப் பாருங்கள். அங்கே 'யாங்க்' செய்யப்பட்ட பதிப்புகளும் தெரியும். அவை திரும்பப் பெறப்பட்டவை, ஆனால் அழிக்கப்படவில்லை. இரட்டைச் சமக்குறி போட்டு அந்த எண்ணையே நீங்கள் கட்டிவைத்திருந்தால், பிப் ஓர் எச்சரிக்கை வரியோடு அதையே நிறுவிவிடும். நூற்றுக்கணக்கான பில்ட் வரிகளுக்கு நடுவே அந்த வரி யார் கண்ணிலும் படாது. இன்றைய பில்ட் பதிவில் 'யாங்க்ட்' என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.