14 மீட்டர் சாலையும் 12 வினாடிப் பச்சையும்

சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்பது பெரும்பாலும் நின்று பார்க்கும் வேலைதான். வரைபடத்தை மேசையில் விரித்து எவ்வளவு நேரம் ஆராய்ந்தாலும், சந்திப்பில் போய் நின்று, யார் எங்கே கடக்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், எந்த இடத்தில் நடையை விட்டு ஓடத் தொடங்குகிறார்கள் என்று பார்க்கும்வரை அந்தச் சாலை நமக்குப் பிடிபடாது. அப்படி ஒரு காலையில் நான் அளவு நாடாவும் நேரக் கணிப்பானுமாக நின்றிருந்தபோது, கைத்தடி ஊன்றிய முதியவர் ஒருவர் பச்சை விளக்கு எரிந்த அந்த நொடியிலேயே சாலையில் இறங்கினார். சாலையின் அகலம் 14 மீட்டர். நடப்பவர்களுக்கான பச்சை 12 வினாடி. மூன்றில் இரண்டு பங்கு தூரத்தைத்தான் அவரால் கடக்க முடிந்தது. விளக்கு மாறியது, ஹாரன்கள் ஒலித்தன, அவர் கைத்தடியை மேலே உயர்த்திக் காட்டியபடி மீதித் தூரத்தைக் கடந்தார். அந்தச் சந்திப்பில் முன்பு நடந்த விபத்துகளின் கோப்பில் பெரும்பாலும் எழுதப்பட்டிருந்த காரணம், 'பாதசாரியின் கவனக்குறைவு'.

அந்த முதியவர் எதிலும் கவனம் தவறவில்லை. தவறியது கணக்கு. சிக்னல் நேரத்தை வகுக்கும்போது, மனிதர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதன்படி 14 மீட்டருக்கு 12 வினாடி சரியாகவே இருக்கிறது. ஆனால் முதுமையில் நடை வினாடிக்கு 0.8 மீட்டராகத் தளர்ந்தவருக்கு அதே தூரத்தைக் கடக்க 17 வினாடிக்கு மேல் வேண்டும். கைக்குழந்தையோடு வருபவர், கர்ப்பிணி, காலில் கட்டுப் போட்டவர், சக்கர நாற்காலியைத் தள்ளுபவர் என்று அந்த 1.2 மீட்டர் கணக்குக்குள் அடங்காதவர்களை எண்ணிப் பார்த்தால், சாலையைக் கடப்பவர்களில் அவர்களும் கணிசமானவர்களே என்பது புரியும். பச்சை நேரத்தைக் கூட்டுவது ஒரு வழி. சாலையின் நடுவே, வண்டி ஏற முடியாத விளிம்புக்கல் கட்டி ஒரு நடுத்திட்டு அமைத்து, 14 மீட்டரை இரண்டு ஏழு மீட்டராகப் பிரித்துவிடுவது அதைவிட நல்ல வழி. ஏனெனில் அங்கே நிற்க நேர்பவர் ஒரு திசையை மட்டும் பார்த்தால் போதும்.

இருந்தாலும், எல்லாவற்றையும்விட உயிரைத் தீர்மானிப்பது வேகம்தான். இதை எங்கே பேசினாலும் நான் ஒரே ஒரு கணக்கைத்தான் சொல்வேன். ஓர் ஓட்டுநர் சாலையில் ஒரு குழந்தையைக் கண்டு, காலை பிரேக்கில் வைக்க ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு வினாடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, உலர்ந்த சாலையில் மேலும் 5 மீட்டரில் நின்றுவிடும். ஆக மொத்தம் 13 மீட்டர். 50 கிலோமீட்டரில் வரும் காரோ அந்த ஒரு வினாடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டரைக் கடந்துவிடும். அதாவது முதல் கார் முழுவதுமாக நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது காரில் இன்னும் பிரேக்கே பிடிக்கப்பட்டிருக்காது. அது குழந்தையின் மீது முழு 50 கிலோமீட்டர் வேகத்தில், 30 கிலோமீட்டரில் மோதுவதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு ஆற்றலோடு மோதும். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே அளவு கவனமுள்ளவர்கள்தாம். சராசரி வேகத்தை 5 சதவீதம் குறைத்தால் உயிரிழப்பு விபத்துகள் 30 சதவீதம்வரை குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதன் பின்னால் இந்த இயற்பியல்தான் இருக்கிறது.

வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றதும் ஒரு பலகையை நட்டுவிட்டுப் போவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஓட்டுநரின் கால் பலகைக்கு அல்ல, சாலைக்கே கட்டுப்படுகிறது. நெடுஞ்சாலையைப்போல் அகலமாக, நேராக, தடையின்றி ஒரு சாலையைப் போட்டுவிட்டு, அதில் 30 என்று எழுதி வைத்தால் அந்த எண்ணை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். 3.5 மீட்டர் அகலத் தடம் நான்கு இருக்கும் சாலையில், ஒவ்வொன்றையும் 3 மீட்டராகக் குறுக்கினால் வேகம் தானாகவே தணியும். மிச்சமாகும் 2 மீட்டரில் சைக்கிளுக்கு ஒரு தடமும் கிடைக்கும். பேருந்துகள் ஓடும் தடத்துக்கு மட்டும் சற்றுக் கூடுதல் அகலம் விட வேண்டியிருக்கும். சந்திப்பின் மூலை வளைவை இறுக்கமாக்கினால், திரும்பும் வண்டி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். கடக்கும் இடத்தை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்திக் கட்டினால், நடப்பவர் சாலைக்கு இறங்குவதற்குப் பதிலாக வண்டி அவருடைய பாதைக்கு ஏறி வர வேண்டியதாகிறது. இவை எதற்கும் பெரிய நிலம் எடுக்கத் தேவையில்லை.

கோடு போட்ட கடவை இருந்தாலே பாதுகாப்பு என்ற நம்பிக்கை பல தடங்கள் உள்ள சாலையில் ஆபத்தாக முடிகிறது. ஓரத் தடத்தில் வரும் பேருந்து ஓட்டுநர் நல்ல மனதோடு நிறுத்தி, கடந்து போங்கள் என்று கையசைப்பார். பள்ளிப் பையோடு ஒரு சிறுமி அவரை நம்பி, பேருந்தின் முன்னால் நடந்து வருவாள். பக்கத்துத் தடத்தில் வருபவருக்கோ பேருந்து ஏன் நின்றது என்று தெரியாது. பேருந்து மறைப்பதால் சிறுமியும் கண்ணில் படமாட்டாள். விபத்து நேரும்போது மூவரில் எவரும் வேண்டுமென்றே தவறு செய்திருக்க மாட்டார்கள். இத்தகைய இடங்களில் நிறுத்தக் கோட்டைக் கடவையிலிருந்து சில மீட்டர் பின்னுக்குத் தள்ளிப் போடுவதே பார்வையை வெகுவாகத் திறந்துவிடும். கடவையை ஒட்டி வண்டி நிறுத்துவதைத் தடுப்பதும் அவ்வாறே. ஒரு காரின் உயரத்துக்குப் பின்னால் ஒரு குழந்தை முழுவதுமாக மறைந்துபோகும் என்பதைக் குனிந்து பார்த்தால் மட்டுமே உணர முடிகிறது. அமெரிக்காவின் ஹோபோகன் நகரம் சந்திப்பு மூலைகளில் இவ்வாறு பார்வையைத் திறந்துவிட்டதைத் தன் முக்கிய நடவடிக்கைகளில் ஒன்றாகக் கொண்டது. 2017 ஜனவரிக்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கே ஒரு சாலை மரணமும் நிகழவில்லை.

நடை மேம்பாலம் கட்டினால் சிக்கல் தீரும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேருந்தும் லாரியும் அடியில் போக வேண்டுமென்றால் பாலத்தின் தளம் 6 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் படியாகக் கணக்கிட்டால் ஏற 40 படி, இறங்க 40 படி. மூட்டு வலியுள்ளவர் அதில் ஏற மாட்டார், அவசரத்தில் இருப்பவரும் ஏற மாட்டார். இருவரும் கீழேதான் கடப்பார்கள், அதுவும் கடவையோ சிக்னலோ இல்லாத இடத்தில்.

சைக்கிள் ஓட்டுபவரின் நிலை வேறு. வேகம் அதிகமுள்ள சாலையில் ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் போட்டு, இது சைக்கிள் தடம் என்பது, அவரைக் காப்பதாகச் சொல்லிவிட்டு நடுவழியில் விடுவதற்குச் சமம். அந்தக் கோட்டுக்குள் கார் நிறுத்தப்படும். நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறக்கும். அதிலிருந்து ஒதுங்கினால் பின்னால் லாரி. விளிம்புக்கல்லோ தொடர்ச்சியான தாழ்ந்த சுவரோ கொண்டு பிரித்த தடமே நம்பத்தக்கது. அதையும் சந்திப்புக்கு முன்பாக முடித்துவிடுவதுதான் நான் அதிகம் காணும் குறை. மோதல்கள் நிகழ்வதோ பெரும்பாலும் சந்திப்பில். திரும்பும் லாரியின் பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணாடிக்கு எட்டாத பகுதி ஒன்று உண்டு. சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் வண்டிகளுக்கு முன்பாக 3 முதல் 7 வினாடி பச்சை கொடுத்துவிட்டால், லாரி நகரத் தொடங்கும்போது அவர்கள் அந்த மறைவிலிருந்து வெளியேறி, ஓட்டுநரின் கண்ணெதிரே வந்திருப்பார்கள். இன்னொன்று, சிறியதுதான்: மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால், மெல்லிய சக்கரம் அதில் சிக்கும். கம்பிகள் குறுக்காக அமையும்படி மூடியைத் திருப்பி வைத்தால் போதும்.

இவையெல்லாம் செழித்த நாடுகளுக்குத்தான் என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். இன்று சைக்கிளுக்குப் பேர்பெற்ற நெதர்லாந்தில், 1971இல் மட்டும் 3,000க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே சாலைகள் மாறத் தொடங்கின. மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறுக்கு மரணம் விலையாகக் கூடாது என்பதை 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் கொள்கையாகவே ஏற்றது. நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் 2019ஆம் ஆண்டு முழுவதும் நடந்தவரோ சைக்கிள் ஓட்டியவரோ ஒருவர்கூட சாலை விபத்தில் இறக்கவில்லை. உலகில் ஆண்டுதோறும் சாலையில் இறக்கும் ஏறத்தாழ 12 இலட்சம் பேரில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் இந்த இரு வகையினரே என்பதோடு சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு நகரம் சாதித்தது எவ்வளவு என்பது விளங்கும்.

வேகம் குறைந்தால் நேரம் வீணாகும் என்ற கவலைக்கும் விடை உண்டு. 2 கிலோமீட்டர் நீளத்தை எங்கும் நில்லாமல் 50இல் ஓட்டினால் 2 நிமிடம் 24 வினாடி, 30இல் ஓட்டினால் 4 நிமிடம். வேறுபாடு 96 வினாடி. நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் நில்லாமல் ஓட்டுவது நடக்காது என்பதால், உண்மையில் இழப்பது அதைவிடக் குறைவு.

உங்கள் பகுதிச் சாலைக்காக மனு எழுதுபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, 'இங்கே ஆபத்தாக உள்ளது' என்று மட்டும் எழுதாதீர்கள் என்பதே. பள்ளி விடும் நேரத்தில் ஒரு மணி நேரம் நின்று, பச்சை எத்தனை வினாடி, எத்தனை பேர் பச்சைக்குள் கடந்து முடிக்கவில்லை, எந்த மூலையில் பார்வை மறைகிறது, எந்த இடத்தில் நடைபாதை அறுந்து மக்கள் சாலைக்கு இறங்குகிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள். எண்ணும் இடமும் நேரமும் உள்ள மனுவைப் பொறியாளர் ஒருவரால் ஒதுக்கிவைப்பது கடினம். மாற்றம் செய்த பிறகு அதே நேரத்தில் மீண்டும் வந்து அளக்கும்படியும் கேளுங்கள். முதலில் நான் சொன்ன சந்திப்பில் பச்சையைக் கூட்டி, நடுத்திட்டும் கட்டிய பின் மறுபடி போய் நின்றோம். அப்போதுதான், புதிய திட்டின் விளிம்புக்கல்லைச் சக்கர நாற்காலி தாண்ட முடியாமல் ஒரு பெண் சாலையிலேயே காத்திருப்பதைக் கண்டோம். அந்தக் கல்லை வெட்டிச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவர அரை நாள் ஆயிற்று.