'டேபிள்' என்றால் எடுப்பதா, தள்ளிவைப்பதா?

பெங்களூருவில் எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஐடி கம்பெனிகளுக்குப் போய் ஆங்கிலப் பயிற்சி கொடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான், தர்மபுரி, விருதுநகர், திருநெல்வேலி என்று. இலக்கணம் நன்றாகவே வருகிறது. மாட்டிக்கொள்வது மரபுத்தொடர்களில்.

போன வருடம் ஒரு டீம். வெள்ளிக்கிழமை ராத்திரி அமெரிக்க கிளையன்ட் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். டீம் லீட் அதற்கு முன்பு பிரிட்டிஷ்காரர்களோடு வேலை பார்த்தவர், அங்கே அதற்கு 'விவாதத்துக்கு எடுப்போம்' என்று அர்த்தம், அதனால் ஆறு பேரும் சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஸ்லைடு தயார் செய்தார்கள். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு 'இப்போதைக்குத் தள்ளிவைப்போம்' என்று அர்த்தம். ஊருக்குப் போக பஸ் டிக்கெட் போட்டிருந்த ஒரு பையன் அதை கேன்சல் செய்துவிட்டு வந்திருந்தான், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகளே இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாதாடியதாக சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

இதைவிடக் கொடுமை 1951-இல் கொரியப் போரில் நடந்தது. இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படை சூழ்ந்து நெருக்கியபோது பிரிட்டிஷ் பிரிகேடியர் தன் அமெரிக்க மேலதிகாரியிடம் 'எ பிட் ஸ்டிக்கி' என்ற தோரணையில் சொன்னார். பிரிட்டிஷ் பேச்சில் அது 'நிலைமை மோசம்' என்று அலறுவதற்குச் சமம். அமெரிக்கருக்கோ, ஏதோ கொஞ்சம் சிரமம், சமாளித்துவிடுவார்கள் என்று பட்டது. அந்தப் பிரிகேடியரின் கீழ் இருந்த குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவில் பெரும்பாலானோர் இறந்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். உதவி வராததற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனாலும் இந்தப் பேச்சை இன்றும் பேசுகிறார்கள்.

மற்றவை இவ்வளவு ஆபத்தில்லை. 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் உத்தேசக் கணக்கு போதும், பைசா சுத்தமாக வேண்டாம். 'ரெயின் செக்' என்றால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நயமாக மறுக்கிறார். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் வேறொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டுதான் அது.

புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள், கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. 'அவன் எனக்கு அல்வா கொடுத்துட்டான்' என்று நாம் சொன்னால் வெள்ளைக்காரர் இனிப்பு எங்கே என்றுதானே தேடுவார்? 'ஸோ வீ ஸ்டாப் வொர்க் ஆன் திஸ் ஃபார் நவ், ரைட்?' என்று ஒரே வரி கேட்டிருந்தால் அந்தப் பையன் பஸ் ஏறியிருப்பான்.

அந்த டீம் லீட் இப்போது ஒவ்வொரு மீட்டிங் முடிந்ததும் தனக்குப் புரிந்ததை இரண்டு வரியில் சாட்டில் போட்டுவிடுகிறார். 'இல்லை, நான் சொன்னது அது இல்லை' என்று கிளையன்ட்டிடமிருந்து இதுவரை இரண்டு தடவை பதில் வந்திருக்கிறதாம்.